மூன்றாவது எண்: நாஞ்சில் நாட்டில் நாடித்துடிப்புக் குறைவும் பேஸ்மேக்கரும்

1. கேள்வி

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 30 ஆக இறங்கிவிட்ட ஒரு முதியவர், கன்னியாகுமரி மாவட்டத்தில், பேஸ்மேக்கர் வரை போய்ச் சேராமல் தடுப்பது எது? கருவியின் விலையா, எந்த வகைக் கருவி என்று தீர்மானிப்பதில் உள்ள இழுபறியா, அல்லது நோய் இன்னதென்றே தெரியாமல் போவதா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியையே ஆராய்கிறது.

மருத்துவமனை இல்லாத ஊரில் இதற்குப் பதில் சொல்வது எளிது. இங்கே அப்படியல்ல. நெய்யூரில் 1838இலேயே மிஷன் மருத்துவம் தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் அங்கே அறுவை மருத்துவராக நீண்ட காலம் பணியாற்றினார். ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில், திருவனந்தபுரத்தில், இதயநோய்க்குப் பெயர்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இரண்டு ஊர்களும் ஒரே திருவிதாங்கூர்ப் பரப்பு. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374, எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே அதிகம். குழந்தைப்பேறு குறைந்து முதியோர் விகிதம் கூடிவரும் பகுதி இது. பேஸ்மேக்கர் தேவைப்படும் நோய்களோ பெரும்பாலும் முதுமையின் நோய்கள். வசதியும் தேவையும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இடத்தில் நோயாளி நடுவில் எங்கே தொலைகிறார் என்று கேட்பதில் பொருள் உண்டு.

2. இதயத்தின் மின்வழி

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் முனை நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஏ.வி. முனையில் ஒரு கணம் தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாக வலம், இடம் என்று பிரிந்து கீழறைகளைச் சுருங்க வைக்கிறது. இந்த வழித்தடத்தை வில்ஹெல்ம் ஹிஸ் (1893), சுனாவோ தவாரா (1906), ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் (1907) ஆகியோர் பகுதி பகுதியாகக் கண்டறிந்தார்கள்.

வயது ஏற ஏற இந்தத் தடத்தில் நார்த்திசு படர்கிறது. சைனஸ் முனை சோர்ந்தால் துடிப்பு குறைகிறது, இடையிடையே நின்றும் போகிறது. ஏ.வி. முனையோ அதற்குக் கீழுள்ள கிளைகளோ முழுதாக அடைபட்டால் மேலறையின் கட்டளை கீழே இறங்குவதில்லை. கீழறை தன் சொந்த வேகத்தில், நிமிடத்துக்கு 20 முதல் 40 வரை, துடிக்கத் தொடங்குகிறது. இதுவே முழு இதய அடைப்பு. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மாரடைப்பு வேறு, இது வேறு. ‘ஹார்ட் பிளாக்’ என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவதால் குடும்பங்கள் ஆஞ்சியோகிராம் செலவுக்கு அஞ்சிப் பின்வாங்குவதும் உண்டு.

கீழறையின் துடிப்பு சில நொடிகள் நின்றாலே மூளைக்கு ரத்தம் போதாமல் நினைவு தப்பும். நிறுத்தம் நீண்டால் கைகால் வெட்டி இழுக்கும். பார்ப்பவருக்கு அது காக்காய் வலிப்பாகவே தோன்றும். டப்ளின் மருத்துவர்கள் ராபர்ட் ஆடம்ஸ் (1827), வில்லியம் ஸ்டோக்ஸ் (1846) இருவரும் இந்த மயக்கத்தையும் மெதுவான நாடியையும் சேர்த்துப் பார்த்தார்கள். பேஸ்மேக்கருக்கு முந்தைய காலத்தில் இப்படி மயங்கி விழத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள்.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஓகே செனிங் என்ற அறுவை மருத்துவரும் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளரும் ஆர்னே லார்சன் என்ற 43 வயது நோயாளிக்கு உடலுக்குள் வைக்கும் முதல் பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். ஒரு நாளில் இருபது முப்பது முறை நினைவிழந்துகொண்டிருந்தவர் அவர். முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. பின்னர் வாழ்நாளில் இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டு, 86 வயதில், 2001இல், புற்றுநோயால் இறந்தார். அந்தக் கருவியை உருவாக்கிய இருவருக்குப் பின்னும் அவர் உயிரோடிருந்தார். மருத்துவத்தில் இவ்வளவு முழுமையாகப் பலன் தரும் சிகிச்சைகள் அரிது. அதனால்தான் அது கிடைக்காமல் போவதை நான் சாதாரணக் குறையாக எடுத்துக்கொள்ள மறுக்கிறேன்.

3. ஒரு கம்பியா, இரு கம்பியா

எளிய பேஸ்மேக்கரில் வலது கீழறைக்குச் செல்லும் ஒரே கம்பி இருக்கும். இரண்டு அறைக் கருவியில் மேலறைக்கும் ஒரு கம்பி செல்லும். மேலறை துடித்த பிறகே கீழறை துடிக்கும் இயற்கை ஒழுங்கு காக்கப்படும். இரண்டாவது வகைக்குச் செலவு கூடுதல். கீழறை மட்டும் தூண்டப்படும்போது மேலறை மூடிய வால்வை எதிர்த்துச் சுருங்கி, படபடப்பும் மூச்சுத்திணறலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். இதைப் ‘பேஸ்மேக்கர் சிண்ட்ரோம்’ என்பார்கள். ஆகவே ஏழை நோயாளிக்கு ஒற்றைக் கம்பி வைப்பது இரண்டாந்தரச் சிகிச்சை என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் குடும்பங்களிடமும் உண்டு. சான்றுகள் இதை ஓரளவே ஆதரிக்கின்றன.

2000இல் வெளிவந்த கனடா ஆய்வு 2,568 நோயாளிகளைக் கொண்டது. இரண்டு அறைகளையும் ஒத்திசைய வைத்ததால் பக்கவாதமோ இதயநோய் இறப்போ குறையவில்லை. மேலறைத் துடிப்புச் சிதறல் ஓரளவு குறைந்தது. ஆனால் பொருத்தும் வேளையில் நேரும் சிக்கல்கள் 3.8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக உயர்ந்தன. 2005இல் பிரிட்டன் ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருங்கி வந்தது. அதில் இருந்தவர்கள் 70 வயதும் அதற்கு மேலும் ஆன, கடுமையான ஏ.வி. அடைப்புள்ள 2,021 பேர். ஆண்டு இறப்பு விகிதம் ஒற்றைக் கம்பிக்கு 7.2, இரட்டைக் கம்பிக்கு 7.4 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

சைனஸ் முனை சோர்ந்த 2,010 பேரை எடுத்த அமெரிக்க ஆய்வு (2002) வேறொரு சித்திரத்தைத் தருகிறது. இறப்பில் மாற்றமில்லை. ஆனால் கீழறை மட்டும் தூண்டப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இடையிலேயே இரண்டு அறை முறைக்கு மாற்றப்பட்டார். அந்த மாற்றங்களில் பாதியளவுக்குக் காரணம் பேஸ்மேக்கர் சிண்ட்ரோம். கனடாவிலோ அப்படி மாறியவர்கள் சில விழுக்காடே. இந்த இடைவெளியைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அமெரிக்க ஆய்வில் எல்லோருக்கும் இரண்டு கம்பிகளும் வைக்கப்பட்டிருந்தன, முறை மட்டும் வெளியிலிருந்து அமைக்கப்பட்டது. நோயாளி முறையிட்டால் அறுவையின்றி, சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். கனடாவில் மாற்ற வேண்டுமானால் கருவி வைத்த இடத்தை மறுபடியும் திறந்து கம்பி செலுத்த வேண்டும். மாற்றுவது எளிதாக இருந்த இடத்தில் தொல்லை அதிகம் பதிவாகியிருக்கிறது. மாற்றுவது கடினமாக இருந்த இடத்தில் நோயாளிகள் பொறுத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு இது. முழு அடைப்போடு வரும் எழுபது வயதுக்காரருக்கு ஒற்றைக் கம்பி உயிர்காக்கும் சிகிச்சைதான். இரட்டைக் கம்பிக்குப் பணம் திரட்டுகிறோம் என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவது அவர் உயிரோடு விளையாடுவது. அதே வேளையில், வைத்த பிறகு ‘எனக்குச் சுகமில்லை, தலை கறங்குது’ என்று திரும்பி வருபவரைப் ‘பேட்டரி நன்றாக ஓடுகிறது’ என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. மாற்றுவது கடினமான இடத்தில் நோயாளியின் முறையீடு பதிவாவதில்லை என்பதைக் கனடா எண்ணிக்கையே காட்டுகிறது. சைனஸ் முனை நோயில், குறிப்பாக இளம் வயதினரில், இரட்டைக் கம்பிக்கான நியாயம் வலுவானது.

4. வலது கீழறையின் தொல்லை

இன்னொரு விவாதம் கம்பி எத்தனை என்பதை விட்டு, அது எங்கே தொடுகிறது என்பதற்கு நகர்ந்திருக்கிறது. வலது கீழறையின் நுனியைத் தூண்டினால் இடது கீழறை பிந்திச் சுருங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு பகுதியினருக்கு இதயத்தசை தளர்கிறது. 2002இல் டேவிட் என்ற ஆய்வும், 691 நோயாளிகளோடு 2013இல் வெளியான பிளாக்-ஹெச்.எஃப். ஆய்வும் ஏற்கெனவே பலவீனமான இதயத்தில் இந்தத் தீங்கைத் தெளிவாகக் காட்டின. இரண்டு கீழறைகளையும் தூண்டும் கருவி ஒரு தீர்வு. ஆனால் அதன் விலை இங்கே மிகச் சிலருக்கே எட்டும்.

2000இல் பிரமோத் தேஷ்முக் குழு ஹிஸ் கற்றையையே நேரடியாகத் தூண்டிக் காட்டியது. 2017இல் சீனாவின் ஹுவாங் வெய்ஜியான் குழு இடது கிளையை எட்டும் வழியை வெளியிட்டது. இத்துறையில் இன்று உலகளவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பெயர்களில் ஒன்று தமிழ்ப் பெயர்: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பணியாற்றும் புகழேந்தி விஜயராமன். இதயத்தின் சொந்த மின்வழியிலேயே கம்பியைப் பொருத்தும் இம்முறையில், சாதாரண பேஸ்மேக்கர் பெட்டியோடும் விலை சற்றே கூடிய துணைக்கருவிகளோடும், விலையுயர்ந்த கருவி தரும் பலனில் பெரும்பகுதியைப் பெற வாய்ப்புண்டு. நம்மைப் போன்ற மாவட்டங்களுக்கு இதுதான் உண்மையான செய்தி. கருவியின் விலையை மருத்துவரின் கைத்திறன் ஈடு செய்யும் இடம் இது. மருத்துவக் கல்லூரிகளில் அந்தத் திறனைப் பயிற்றுவிப்பதற்கான செலவு, கருவி வாங்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

5. பணம்

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று தொடர்ந்து வந்ததில், குறைந்த வருமானக் குடும்பம் பேஸ்மேக்கருக்காக நிலத்தை அடகு வைக்க வேண்டிய நிலை பெருமளவு குறைந்திருக்கிறது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். வரம்பைச் சற்றே தாண்டியவர்களும், எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்களும்தான் இன்று அல்லல்படுகிறவர்கள். எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் தங்கள் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதைப் படுக்கையில் சேருவதற்கு முன்பே அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவிலை வகுத்தது. பேஸ்மேக்கருக்கு அப்படி இல்லை. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்தபோது, ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் விலையேற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் வந்தது. உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்மாதிரி இல்லாமலில்லை: திருவனந்தபுரத்தின் அதே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான சித்ரா இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, பிறகு நாடெங்கும் ஏழைகளின் வால்வானது. பேஸ்மேக்கரில் மத்தியப் பிரதேசத்தின் பீத்தம்பூரில் ஸ்ரீ பேஸ்ட்ரானிக்ஸ் போன்ற முயற்சிகள் இருந்தும், உள்நாட்டு உற்பத்தி அந்த உயரத்தை எட்டவில்லை.

மறுபயன்பாடு குறித்த விவாதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிகாகோ வட்டாரத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் கொடுத்த கருவிகளில் பேட்டரி மிச்சமிருந்தவற்றை மறுசுத்திகரித்து மும்பையின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் 53 ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். தொற்று ஏற்படவில்லை என 2012இல் அறிக்கை வந்தது. 2020இல் கனடா மருத்துவர்கள் வெளியிட்ட பெரிய ஒப்பீட்டில், மறுபயன்பாட்டுக் கருவி பெற்ற 1,051 பேரில் 2 விழுக்காட்டினருக்கும் புதுக்கருவி பெற்ற 3,153 பேரில் 1.2 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. வயது, நோய் முதலியவற்றைக் கணக்கில் கொண்டபோது அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. நம் ஊரில் தகனத்துக்கு முன் கருவியை எடுத்தே ஆக வேண்டும். தீயில் அதன் பேட்டரி வெடிக்கும். அய்யாவழி மக்களும் கிறிஸ்தவர்களும் அடக்கம் செய்கிறார்கள்; அங்கே கருவி மண்ணோடு போகிறது. எடுக்கப்படும் கருவிகளைச் சட்டத்துக்குட்பட்ட ஒரு மறுசுத்திகரிப்பு மையம் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு வந்தால், காப்பீட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அது பயன்படும்.

ஆனால் பணமே முதன்மைத் தடை என்ற வாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. காப்பீடு என்பது நோய் இன்னதென்று உறுதியான பிறகே கைகொடுக்கும். ஜெர்மனியில் 2009இல் பத்து லட்சம் பேருக்கு 927 புதிய பேஸ்மேக்கர்கள் பொருத்தப்பட்டன. இந்தியாவின் எண்ணிக்கை அதில் ஒரு சிறு பின்னமே. அவ்வளவு பெரிய இடைவெளியை விலை மட்டும் விளக்காது. பலர் மருத்துவமனையின் கணக்கேட்டுக்கே வராமல் போகிறார்கள்.

6. மணிக்கட்டுக்கும் ஈ.சி.ஜி.க்கும் இடையில்

மயங்கி விழுந்த முதியவரை வீட்டில் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? ‘கிறக்கம்’, ‘பிரஷர் இறங்கிட்டு’, ‘வெயிலு கொண்டுட்டு’, கைகால் வெட்டினால் வலிப்பு. வலிப்பு என்ற முடிவு மருத்துவரிடமும் தொடரலாம். வலிப்பு என்று முடிவுகட்டப்பட்டு, மருந்துக்குப் பலனில்லாமலோ அந்த முடிவில் ஐயம் எழுந்தோ வந்த 74 பேரை 2000இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் மறுபடி ஆராய்ந்தபோது, 31 பேருக்கு மயக்கத்தின் காரணம் வேறாக இருந்தது. ஒரு வேறுபாடு வீட்டாருக்கே தெரியும்: வலிப்புக்குப் பிறகு நெடுநேரம் குழப்பமும் தூக்கமும் இருக்கும், இதயம் நின்று விழுந்தவர் சட்டென்று எழுந்து, முகம் சிவந்து, ‘ஒண்ணுமில்ல’ என்பார். அந்த ‘ஒண்ணுமில்ல’தான் அடுத்த மயக்கம்வரை அவரை வீட்டிலேயே இருத்திவிடுகிறது.

இந்த மாவட்டத்தில் நாடி பிடித்துப் பார்க்கும் கை புதிதல்ல. வர்ம ஆசான்களும் சித்த வைத்தியர்களும் தலைமுறைகளாக மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்த்து வருகிறார்கள். நாடியின் நடையை நுட்பமாக உணரும் அந்த விரல்கள் ஒரு முழு நிமிடம் அதன் எண்ணிக்கையையும் குறித்தால், 40க்குக் கீழே இருப்பவர் அன்றே ஈ.சி.ஜி.க்கு அனுப்பப்படுவார். இரண்டு மரபுகளுக்கும் இதில் மோதலுக்கு இடமில்லை.

அதைவிட எளிதான வாய்ப்பு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் டிஜிட்டல் கருவியின் திரையில் மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், அவற்றின் அடியில் நாடித்துடிப்பு என்று மூன்று எண்கள் வருகின்றன. முதல் இரண்டின் பேரில் மாத்திரை கூட்டிக் குறைக்கப்படுகிறது. மூன்றாவது எண்ணின் பேரில் எதுவும் நடப்பதில்லை. முழு இதய அடைப்பில் மேல் அழுத்தம் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். நீண்ட இடைவெளியில் இதயம் நிரம்பி ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளுவதே காரணம். ஆக, மூன்றாவது எண்ணைப் பாராமல் விட்டால், அடைப்புள்ளவருக்குப் பிரஷர் மாத்திரை ஏறும். அது அட்டெனலால், மெட்டோபுரலால் வகையாக இருந்தால் நாடி இன்னும் இறங்கும்.

எண் தாழ்ந்திருப்பது மட்டுமே நோயாகிவிடாது. கட்டுமரத்திலும் வயலிலும் உடலுழைத்தவர்களுக்கு ஓய்வில் 50 இயல்பாகவே இருக்கலாம். இடைத்துடிப்பு விழும் இதயத்தில் கருவி பாதி எண்ணிக்கையைக் காட்டலாம். எனவே 50க்குக் கீழ் வந்தால் விரல் வைத்து முழு நிமிடம் எண்ண வேண்டும். மயக்கமோ மூச்சுவாங்கலோ சேர்ந்திருந்தால் அன்றே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மாரடைப்புக்காகத் தமிழ்நாட்டில் ஈ.சி.ஜி.யைத் தொலைவிலிருந்து படித்துச் சொல்லும் முறை ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது; இதய அடைப்பின் ஈ.சி.ஜி.யும் அதே வழியில் போகலாம். ஒரு முறை எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் சந்தேகம் தீராது. அடைப்பு வந்து வந்து போகும். வலது கிளை அடைப்பு முதலிய தடயங்கள் இருந்தால் 24 மணி நேரப் பதிவுக்கு அனுப்ப வேண்டும்.

நிரந்தரக் கருவிக்கு விரைவதற்கு முன் நீங்கக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும் என்பதையும் அதே கவனத்தோடு வலியுறுத்த விரும்புகிறேன். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம், இதயத்தின் அடிப்பகுதி மாரடைப்பில் சில நாட்கள் அடைப்பு வந்து போகலாம். தென் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் உரிய துயரம் மஞ்சள் அரளி நஞ்சு. அதில் சில நாட்கள் தற்காலிகப் பேஸ்மேக்கர் தாங்கினால், நஞ்சு நீங்கியபின் இதயம் தன் வழிக்குத் திரும்பிவிடும். ஆனால் நஞ்சேறிய இதயத்துக்குள் கம்பி செலுத்துவதே ஆபத்தைத் தூண்டலாம் என்று 1993இல் பிரெஞ்சு மருத்துவர்கள் டிஜிட்டாலிஸ் நஞ்சு நோயாளிகளைக் கொண்டு எச்சரித்தார்கள். அந்த நஞ்சுக்கான முறிமருந்து விலை கூடி இலங்கையில் கிடைக்காமல் போனபோது இறப்புகள் உயர்ந்ததை 2003இல் லான்செட் இதழ் பதிவு செய்தது. கம்பி மட்டும் இங்கே முறிமருந்துக்கு ஈடாகாது.

இன்னொரு காரணம் யார் கண்ணிலும் படாதது. கண்நீர் அழுத்த நோய்க்குக் கண்ணில் விடும் டிமோலால் சொட்டு மருந்து, ரத்தத்தில் கலந்து முதியவரின் நாடியை 40க்கும் கீழே இறக்கவல்லது. கண் முகாம்களுக்கு வருபவர்களும் நாடி குறைந்து விழுபவர்களும் ஒரே வயதினர். ஆனால் ‘என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டால் சொட்டு மருந்தை யாரும் சொல்வதில்லை, அது சாப்பிடுவதல்லவே. பேஸ்மேக்கர் பொருத்தும் கேத் லேபுக்கு அனுப்பும் சீட்டில் கண் மருந்துக்கென்று தனி வரி இருக்க வேண்டும். டிமோலாலை நிறுத்தி வேறு சொட்டு கொடுத்து இரண்டு மூன்று நாட்கள் படுக்கையில் வைத்துக் கவனித்தாலே சிலருக்கு நாடி 60க்கு ஏறிவிடும். ஏறாதவர்களுக்கு அந்த வாரமே பேஸ்மேக்கர் வைத்துவிடலாம்.